சும்மா என்றொரு ஆணி

"எங்க புள்ளைங்களுக்கு ஒரு தபால்காரி வேணுமுங்க்கா. நீங்க வாரீங்களா?"

சுகந்தி டீச்சர் போனில் இப்படிக் கேட்டபோது நான் நாகப்பட்டினத்து மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தேன். இரண்டு கையிலும் மாவு. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும். அதற்குக் கை காலியாக இருக்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐம்பதை நெருங்கும் வயதில் என் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகின்றன.

சுகந்தி, பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு டீச்சர். என் உரைநடைக் கவிதை ஒன்றை எங்கோ படித்துவிட்டு நம்பர் தேடிப் பிடித்தவள். அவளோடு ஆசிரியர் பயிற்சி படித்த ஜெசிந்தா இப்போது இடுக்கி மலையில், கம்பம்மெட்டைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பள்ளியில் தமிழ்ப் பிரிவை நடத்துகிறாள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். இந்த முறை எருத்தேன்பதிக்காரர்கள் கடிதத்துக்குப் பதிலாக ஒரு விளையாட்டையே செய்து வைத்திருக்கிறார்கள். அதை மலையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

"கூரியர்ல போட்டா பொட்டி போயிருமுங்க. வெளையாடிக் காட்டறதுக்கு ஆளு போவாதுங்களே!"

திங்கட்கிழமை. எருத்தேன்பதிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை மலையாளத்தில் கொடுத்தார், படியில் நின்றவனைத் தமிழில் திட்டினார். எந்த வேலைக்கு எந்த மொழி என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

ஆடிக் காற்று. எங்கள் ஊரில் காற்று கடலிலிருந்து வரும். வரும்போதே கருவாட்டு வாசனையோடு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். இங்கே அது மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து புறப்பட்டு, யாரையும் கண்டுகொள்ளாமல், கோயம்புத்தூருக்கு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல ஓடுகிறது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து அதற்கு வழிவிட்டு நின்றன. கேரளம் என்றால் மழை என்று நினைத்து நான் குடை கொண்டுபோயிருந்தேன். குடையைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். "இங்க மழையா? அது மலைக்கு அந்தப் பக்கமே நின்னுக்குமுங்க. எங்களுக்குக் காத்து மட்டுந்தான்."

இரவு சுகந்தி வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. மேலே நெய், பக்கத்தில் அப்பளம். பெயரில் இருக்கும் இரண்டு பொருளுக்குமேல் பெரிதாக எதுவும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்குப் போனேன். கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய ஆணிகள் நான்கு வரிசையாக அடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அட்டையில் எழுத்து: வாசி. கணக்கு. செய். சும்மா.

ஒவ்வொரு பிள்ளையிடமும் நூலில் கோத்த ஒரு சோடா மூடி. அதில் அவரவர் அடையாளம்: ஒன்றில் ஆடு, ஒன்றில் தென்னை, ஒன்றில் செருப்பு. ஆஜர் எடுத்து முடித்ததும் பிள்ளைகள் வரிசையாக எழுந்துவந்து தங்கள் மூடியை ஏதாவது ஓர் ஆணியில் மாட்டுகிறார்கள். அடுத்த ஒரு மணி நேரம் அதுதான் அவர்கள் வேலை. யார் எதை எடுப்பது என்று டீச்சர் சொல்வதில்லை.

எனக்கு அந்த நான்காவது ஆணியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. நான் படித்த பள்ளியில் வாய்மேல் விரல் வைத்து உட்கார்ந்திருப்பதுதான் முதல் பாடம். சும்மா இருந்ததற்காக நான் வாங்கிய பிரம்படிகள் இன்னும் முட்டியில் இருக்கின்றன.

"சும்மா ஆணியில மாட்டுன புள்ளைய என்ன பண்ணுவீங்க?" என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"ஒன்னும் பண்ண மாட்டனுங்க. அதுதானுங்க கஷ்டம்" என்றாள். "ஏன் மாட்டுனேன்னு கேக்கக் கூடாது. நானும் கேக்கக் கூடாது, மத்த புள்ளைங்களும் கேக்கக் கூடாது. அது ஒன்னுதானுங்க ரூலு."

நந்தகுமார் என்று ஒருவன் தொடர்ந்து பதினோரு நாள் சும்மாவில் மாட்டினானாம். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தானாம். சுகந்திக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை, ஆனாலும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் செய் என்ற ஆணியில் மூடியை மாட்டிவிட்டு, "டீச்சர், தண்ணி கண்டுபுடிக்கற வெளையாட்டு ஒன்னு பண்ணலாமா?" என்று வந்து நின்றானாம்.

அந்த விளையாட்டுதான் நான் மலைக்குக் கொண்டுபோக வேண்டிய தபால். விரித்த கோணிச் சாக்கில் சுண்ணாம்பால் கட்டங்கள். அதன்மேல் கவிழ்த்து வைக்கக் கடலைத் தொலிகள். சில தொலிகளுக்கு அடியில் நீலம் பூசிய மூடி இருக்கும், அதுதான் தண்ணீர். கிணறு வெட்டுபவர் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனை அடிக்குமேல் தோண்டினால் பக்கத்துக் கிணறு வற்றும். வற்றியவருக்குப் பங்கு தர வேண்டும். தராவிட்டால் பஞ்சாயத்து. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் விதிகள். எழுதியவள் தர்ஷினி என்ற நாலாம் வகுப்புக்காரி. வகுப்பில் நடந்த அத்தனை சண்டையும் அந்த நோட்டில் விதியாகியிருந்தது.

நானும் உட்கார்ந்து விளையாடினேன். நாலு இடத்தில் தோண்டினேன். நாலும் காய்ந்த கிணறு.

"அக்கா, கடலுக்குப் பக்கத்துல இருந்துட்டு உங்களுக்குத் தண்ணி கெடைக்கலீங்களா?" என்றான் நந்தகுமார். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் சாக்கைச் சுருட்டிக் கட்டி, தொலிகளையும் மூடிகளையும் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார்கள். நோட்டை மட்டும் தர்ஷினி கடைசிவரை கையிலேயே வைத்திருந்தாள்.

"இதத் தொலைச்சுப்போடாதீங்க. ஒரே காப்பிதான். அப்பறம் அவிய வெளையாடிப்போட்டு என்ன சொன்னாங்கன்னு எழுதி வாங்கிட்டு வரோணும்."

சரி என்று சத்தியம் செய்தேன். கையில் மாவு இல்லாதபோதும் நான் யோசிக்காமல்தான் வாக்குக் கொடுக்கிறேன் போலிருக்கிறது.

புதன்கிழமை முழுக்கப் பஸ். கடைசி பஸ் கம்பத்துக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே திராட்சைப் பந்தல்கள், அவற்றுக்குப் பின்னால் மலை. மலையே இல்லாத ஊர்க்காரிக்கு முதலில் அது மேகம் என்றே பட்டது. விதிகளை மனப்பாடம் செய்துவிடலாமென்று நோட்டை எடுத்து மடியில் வைத்தேன். ஒரு நிறுத்தத்தில் பன்னீர் திராட்சை விற்க வந்தார்கள், வாங்கினேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தின்றேன். மலை கிட்டே வர வர அதன் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பம் வந்தது. சாக்கை எடுத்தேன், டின்னை எடுத்தேன், மிச்சத் திராட்சையைக்கூட எடுத்தேன்.

நோட்டு இல்லை என்று தெரிந்தது மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான். இறங்கி ஓடினேன். பஸ் போயே போய்விட்டது. நிலையத்தில் விசாரித்தேன், "டிப்போவுல போயி நாளைக்குக் கேளுங்க" என்றார்கள். திரும்பிவந்தபோது ஜீப் எனக்காகக் காத்திருந்தது. இன்னும் நான்கு பேர் ஏறினால்தான் புறப்படும் என்பதால் காத்திருந்தது.

அந்த ஜீப்பில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ண எனக்குக் கழுத்தைத் திருப்ப இடமில்லை. என் சாக்குச் சுருட்டை மடியில் வாங்கிக்கொண்டவர் எதிரே இருந்த ஓர் அம்மா. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு, தோளில் கட்டம் போட்ட துண்டு. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டுத் தோட்டத்து லயத்துக்குத் திரும்புகிறாராம். லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

"சாக்குல என்னக்கா, உருளைக்கெழங்கா?"

"வெளையாட்டுச் சாமான்."

"இந்த வயசுலயா!" என்றார். ஜீப் முழுக்கச் சிரித்தது. அவர் பெயர் அந்தோணியம்மாள்.

மூன்றாவது வளைவில் ஜீப் இருமி நின்றது. பனி இறங்கிவிட்டிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "பொம்பளைக எல்லாம் எறங்கிக் கல்லு வையுங்க, ஆம்பளைக தள்ளுங்க" என்றார். அந்தோணியம்மாள் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஆண்களுக்கு முன்னால் போய் நின்று தள்ளினார். மறுபடி ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே கையை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது.

"ஏலக்காக் கறை. சோப்புக்குப் போகாது. காய் தரையோட தரையாத் தான்க்கா காய்க்கும். நாள் முச்சூடும் குனிஞ்சே எடுக்கணும். எனக்கு ஒரே மக. ரோஸ்லின். அவ கையில இந்தக் கறை படக் கூடாது. அம்புட்டுதான் எனக்கு வேண்டியது."

"படிக்கிறாளா?"

"படிக்கிறாளான்னு நீங்களே வந்து பாருங்க! ஜெசிந்தான்னு ஒரு டீச்சரு. நல்ல புள்ளதான். ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிச்சு வச்சிருக்காம். அதுல மூடிய மாட்டிட்டா படிக்க வேண்டாமாம்! சும்மா ஒக்காரலாமாம்! சும்மா ஒக்காரவா நான் மழையில நனைஞ்சு அனுப்புறேன்? வெள்ளிக்கிழம கூட்டம் போட்டுருக்காக. போயி டி.சி.ய வாங்கிட்டு வந்து கீழ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்னு ஒரு யோசன."

பள்ளியை விட்டு விலகிப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழ்தான் டி.சி. நான் அந்த டீச்சரிடம்தான் போகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மடியில் இருக்கும் சாக்கும் அதே ஆணிகளின் உறவுக்காரன்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை. திராட்சையை நீட்டினேன். இரண்டு எடுத்துக்கொண்டார், ஒன்றைத் துண்டின் முனையில் மகளுக்காக முடிந்துகொண்டார்.

ஜெசிந்தாவின் வீட்டில் அன்று கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். சம்மந்தி என்றால் இங்கே துவையல். ஒரு வாய்க்கு ஒரு துளி கண்ணீர். பால் விடாத கட்டன் சாயாவை ஊதிக்கொண்டே இரண்டு பாவத்தையும் ஒப்புக்கொண்டேன்: தொலைத்த நோட்டு, ஜீப்பில் மூடிய வாய்.

ஜெசிந்தா என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினாள். முப்பது வயதுகூட ஆகாத, மெலிந்த பெண். பிறகு, "ரோஸ்லின் போனா அந்த லயத்துல இருந்து இன்னும் நாலு பேரு போயிருவாக, அக்கா" என்றாள். "எங்க பிரிவே அம்புட்டுப் பேருதான். அப்புறம் தமிழ்ப் பிரிவே இருக்காது. மிச்சம் இருக்குற சின்னப் புள்ளைகள மலையாளத்துல கொண்டுபோயி ஒக்கார வச்சிருவாக. ஒண்ணும் புரியாம முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்குங்க. சின்னப்புள்ளையில நானும் அப்படி ஒக்காந்திருக்கேன்."

வியாழக்கிழமை. மழை. இந்த ஊர் மழைக்கு எங்கள் ஊர் மழையின் ஆவேசம் கிடையாது; வேலைக்கு வந்த ஆள்போல காலை எட்டு மணிக்குத் தொடங்கி நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது.

வகுப்பில் சாக்கை விரித்து டின்னைத் திறந்தேன். நோட்டு தொலைந்த கதையைச் சொன்னேன். எனக்கு விதிகள் பாதிதான் நினைவிருந்தது. முகங்கள் எல்லாம் நினைவிருந்தன.

இரட்டைச் சடையும் துருதுருத்த கண்ணுமாக ஒரு பெண் நீல மூடி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "இது என்ன?"

"தண்ணி."

"தண்ணியா? இம்புட்டுக் கொஞ்சமாவா வச்சிருக்காக?" என்று வெளியே கொட்டும் மழையைத் திரும்பிப் பார்த்தாள். அவள்தான் ரோஸ்லின்.

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரூலு இல்லைன்னா போகுது. சாமான் இருக்குல்ல? நீங்களே ஒரு வெளையாட்டு பண்ணுங்க. எதப் பத்தின்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் தவறுக்கு நல்ல வழி கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

பிள்ளைகள் சாக்கைச் சுற்றிக் கூடினார்கள். கடலைத் தொலிகள் ஏலக்காய் ஆயின. சுண்ணாம்புக் கட்டங்கள் செடிகள் ஆயின. நீல மூடி மழை ஆனது. ஒரு பையன் மூங்கில் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கங்காணி ஆனான். வேலை வாங்கும் மேற்பார்வையாளருக்குத் தோட்டத்தில் இன்னும் அதுதான் பெயர். "ஏ, அங்க என்ன பேச்சு? கை ஓடட்டும், கை ஓடட்டும்!" குரலும் நடையும் அத்தனை அச்சாக இருந்ததில் ஜெசிந்தாவே வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஸ்லின் பைக்கட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, தொலிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேகமாக, இரண்டு கையாலும், அவளுடைய அம்மாவைப் போல.

அவளுடைய அம்மா ஜன்னலில் நின்றிருந்தார். மகள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொண்டுவந்தவர். தலையில் பிளாஸ்டிக் ஷீட், அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

"ஏய் ரோஸ்லின். எந்திரி."

வகுப்பு அப்படியே நின்றது. கங்காணிப் பையன் குச்சியைப் பின்னால் மறைத்தான்.

"டீச்சர்" என்றார் அந்தோணியம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முதுகு போச்சு. எம்மக நிமிந்து நிக்கட்டும்னு ஒங்ககிட்ட அனுப்புனேன். நீங்க அவள வகுப்புக்குள்ளயே குனிய வச்சிருக்கீகளே. ஒங்க ஆத்தாவும் காய் எடுத்தவுகதான. ஒங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். என் காலடியில் விரித்திருந்த சாக்கைப் பார்த்தார். அவர் மடியில் ஏறிவந்த சாக்கு.

"ஓ. இதுதானா அந்த வெளையாட்டுச் சாமான்."

குடையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, "நாளைக்கு வாரேன். டி.சி. எழுதி வையுங்க" என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா ஒன்றும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், குற்ற உணர்ச்சி எனக்குப் பசியைக் குறைத்ததே இல்லை. மழை வலுத்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மழை வலுத்தால் ஒரே பிரார்த்தனைதான்: கலெக்டர் லீவு விடவேண்டும். பக்கத்து வீட்டுப் பொடிசுகள் டி.வி. முன்னால் கூப்பிய கையோடு உட்கார்ந்திருந்தன. ஜெசிந்தாவும் அதே பிரார்த்தனையில் இருந்தாள் என்று நினைக்கிறேன். கூட்டம் தள்ளிப்போகும் அல்லவா. எதிர்ப்பட்ட தலைமையாசிரியரிடம், "லீவு வருமா மாஷே?" என்று கேட்டேன். 'லீவு கலெக்டர் கையில், கூட்டம் அந்த அம்மா கையில், நம் கையில் குடை மட்டும்' என்ற பொருள்படும்படி மலையாளத்தில் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

லீவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெற்றோர் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் அம்மாக்கள், எல்லோரும் அரை நாள் லீவு போட்டவர்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்தோணியம்மாளையே பார்த்தார்கள். அவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் தாங்களும் செய்வது என்று முடிவோடு வந்த பார்வை.

ஜெசிந்தா மேசையில் ஒரு தாளை எடுத்து வைத்தாள். "டி.சி. எழுதிட்டேன்க்கா. ஹெட்மாஷ் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. ஒரு பீரியடு மட்டும் இருந்து பாத்துட்டு வாங்கிட்டுப் போங்க."

"பாக்க என்ன இருக்கு? தெனமும் பாக்குறதுதான்" என்றார். ஆனால் போகவில்லை. வாசற்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்தார்.

சாக்கை விரித்தார்கள். நேற்று நான் பார்த்தது வெறும் நடிப்பு. ஒரே இரவில் அது விளையாட்டாக மாறியிருந்தது. ரோஸ்லின் சாக்கின் ஓரத்தில் கரியால் மூன்று வட்டம் போட்டிருந்தாள்: எடுப்பு, கங்காணி, சும்மா. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் எல்லோரும் தங்கள் மூடியைக் கைக்குள் மறைத்து ஒரே நேரத்தில் ஏதாவது ஒரு வட்டத்தில் வைக்க வேண்டும். எடுப்பில் வைத்தவர் காய் பொறுக்குவார், கங்காணி விரட்டுவார், சும்மாவில் வைத்தவர் அந்தச் சுற்றுக்கு வேடிக்கை பார்ப்பார்.

முதல் சுற்று. ஐந்து பேர் ஆடினார்கள். ரோஸ்லின் அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை. ஐந்து மூடியும் கங்காணி வட்டத்தில் விழுந்தன.

"எடுக்க ஆளே இல்ல! வெடிச்சிருச்சு! காய் வெடிச்சிருச்சு!" என்று எல்லோரும் கத்தித் தொலிகளை நாலா பக்கமும் வீசினார்கள். பறிக்காமல் விட்ட காய் செடியிலேயே முற்றி வெடித்துவிடும். ஆடிய அத்தனை பேருக்கும் தோல்வி. ஒரு தொலி அந்தோணியம்மாளின் மடியில் போய் விழுந்தது. அதை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்று. இரண்டு கங்காணிகள். இரண்டு கங்காணி வந்தால் சண்டை, அந்தச் சுற்று வீண். இரண்டு பேரும் குச்சியை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தார்கள். அம்மாக்களில் ஒருத்தி, "அச்சு அசல் நம்ம தோட்டத்து ரெண்டாம் டிவிசன்" என்று முணுமுணுத்தாள். சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

மூன்றாம் சுற்றில் ரோஸ்லின் எடுப்பு வட்டத்தில் வைத்தாள். நான்காம் சுற்றிலும்.

"நீ ஏண்டி எப்பப் பாத்தாலும் எடுப்புக்கே போற?" என்றான் குச்சிக்காரப் பையன்.

"யாராச்சும் போகலைன்னா எல்லாரும் தோத்துருவோம்ல, லூசு!"

அந்தோணியம்மாள் விரலில் உருட்டிக்கொண்டிருந்த தொலி நின்றது.

"இந்த ரூலு யாரு போட்டது?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

ரோஸ்லின் முதல்முறையாகத் திரும்பினாள். "நான்தாம்மா."

"டீச்சர் சொல்லிக் குடுத்தாகளா?"

"இல்ல. கங்காணிக்குத்தான் பாயிண்டு கூட வைக்கணும்னு டீச்சர் சொன்னாக. நான் மாட்டேன்னுட்டேன்."

ஜெசிந்தா தலையசைத்தாள். உண்மைதான், காலையில் என்னிடமும் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள்.

"ஏன் மாட்டேன்ன?"

ரோஸ்லின் கொஞ்சம் யோசித்தாள். அம்மாவுக்குப் பயந்து யோசித்த மாதிரி இல்லை, கேள்வியையே யோசித்தாள். "கங்காணி இல்லாட்டியும் காய் எடுக்கலாம். எடுக்க ஆளு இல்லாட்டி கங்காணி என்னம்மா செய்வாரு?"

அம்மாக்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். "இத நாளைக்குத் தோட்டத்துல வந்து சொல்லு தாயி!" என்றாள் ஒருத்தி.

அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளையாக யாரும் அவருக்கு எதையும் விளக்கப் போகவில்லை. எழுந்து உள்ளே வந்து சாக்கின் முன்னால் நின்றார், நின்றபடியே ரோஸ்லினின் சிலேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான்கு சுற்றுக்கும் யார் எத்தனை காய், ஒருவருக்கு எத்தனை வரும், பங்கு போக மிச்சம் எத்தனை என்று பெருக்கியும் வகுத்தும் வைத்திருந்தாள். ஓரிடத்தில் விரலை வைத்து, "இது தப்பு" என்றார். ரோஸ்லின் எட்டிப் பார்த்து, எண்ணிப் பார்த்து, அழித்து எழுதினாள்.

"டீச்சர், அந்தத் தாளு இருக்கட்டும்" என்றார். "கிழிக்க வேண்டாம். ஓணப் பரீட்ச வரட்டும். மார்க்கு கொறைஞ்சா நானே வந்து வாங்கிக்கிருவேன்."

"சரிக்கா."

"இன்னொண்ணு. இவ வெளையாட்டுல எடுக்கட்டும். செடியில எடுக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் எடுக்குறேன்."

ஜெசிந்தா தலையை ஆட்டிக்கொண்டே அந்தத் தாளை மேசைக்குள் வைத்தாள். மற்ற அம்மாக்கள் மெல்லக் கலைந்து, அவரவர் பிள்ளையின் நோட்டைப் புரட்டத் தொடங்கினார்கள்.

அந்தோணியம்மாள் சுவரைப் பார்த்தார். "அந்த ஆணி எங்க?"

எந்த ஆணி என்று யாரும் கேட்கவில்லை. ரோஸ்லின் கை காட்டினாள். வாசி, கணக்கு, செய் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே நான்காவதுக்கு வந்தார். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதில் மாட்டினார்.

"அரை நாள் லீவு போட்டாச்சு. லயத்துக்குப் போனா துணி கெடக்கு, பாத்திரம் கெடக்கு" என்று சுவரைப் பார்த்தே சொன்னார்.

குச்சிக்காரப் பையன், "எதுக்கு—" என்று வாயெடுத்தான். ரோஸ்லின் அவன் தொடையில் கிள்ளினாள். "ஷ்ஷ்! அதுல மாட்டுனா ஏன்னு கேக்கக் கூடாது."

அவர் வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காலை முழுசாக நீட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சோறும் பயறும். நானும் தட்டெடுத்து வரிசையில் நின்றேன். இரண்டு மணி ஜீப்புக்குக் கிளம்பும்போது ரோஸ்லின் தன் விளையாட்டின் விதிகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துவந்தாள். தர்ஷினிக்கான பதில். கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'உங்கள் தண்ணீர் மிகவும் குறைவு. இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.' அதற்குக் கீழே பக்கம் முழுக்க நீல நீலமாக மூடிகள் வரைந்திருந்தாள்.

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "யாரு கையில குடுக்குற? அவுக ஏற்கெனவே ஒண்ணத் தொலைச்சவுக." எழுந்து வரவில்லை; உட்கார்ந்தபடியே தன் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருட்டி என்னிடம் எறிந்தார். "இதுல பொதிஞ்சு மடியில கட்டிக்கோங்க. திராட்ச வாங்கித் திங்காதீங்க."

கட்டிக்கொண்டேன். தர்ஷினியிடம் நோட்டு தொலைந்த கதையை இனி நேரில் சொல்ல வேண்டும். அவள் எனக்கு என்ன விதி எழுதுவாளோ.

ஜீப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். வகுப்பில் மணி அடித்து அடுத்த பாடம் தொடங்கிவிட்டது. ஜன்னல் வழியே தெரிந்த மற்ற ஆணிகள் காலியாக இருந்தன. நான்காவது ஆணியில் மட்டும் அந்தக் கட்டம் போட்ட துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வராந்தாவில் அவர் கண்ணை மூடியிருந்தார். பிள்ளைகள் அவரைத் தாண்டும்போது காலை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.